பழனி மலைத்தொடரில் ஜீப்பும் வீட்டுவாசல் பட்டறையும்

பழனி மலைத்தொடரின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் சாலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அச்சாலைகளில் ஏறிய எஞ்சின்களை ஓடும் நிலையில் வைத்திருந்த கைகளுக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறிது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலையும், அதற்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எனப் பரவியுள்ள மேல்மலைச் சிற்றூர்களையும் சமவெளியோடு இணைப்பதற்குச் சாலை எவ்வளவு தேவையோ, பழுதான எஞ்சினை மலையிலேயே திறந்து சரிசெய்யும் திறனும் அவ்வளவு தேவையாக இருந்தது. கேம்ஷாஃப்ட் மாற்றுதல் என்னும் ஒரே வேலையை எடுத்துக்கொண்டாலும் இது தெளிவாகும்.

1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் கொடைக்கானலில் முதல் இரு பங்களாக்களைக் கட்டியபோது அங்கே சக்கரம் ஏறும் வழி இல்லை. மாட்டுவண்டி மலையடிவாரத்தில், பெரியகுளத்துக்கு அருகிலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்போடு நின்றுவிட, அதற்கு மேல் மனிதர்கள் நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த டோலியிலோ ஏறினர். 1863-இல் வீர் ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உருவாக்கியதும், 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டதும் இக்காலத்திலேயே. மேஜர் லாவின் பெயரால் 'லா காட்' எனப்படும் மலைச்சாலை, பல ஆண்டுகள் பணி தடைப்பட்டுக் கிடந்த பின்னர், 1916-இல்தான் பொதுமக்களின் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. சாலை எட்டாத ஊர்களில் பொதி சுமக்கும் குதிரையே தொடர்ந்தது. வெள்ளகெவியில் அது அண்மைக்காலம் வரை நீடித்தது.

மோட்டார் வண்டி மலைக்கு வந்தபோது அதைப் பேணும் அறிவு மதுரையில் உருவாகிக்கொண்டிருந்தது. 1911-இல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் பேருந்துகளை ஓட்டியதோடு அவற்றைப் பழுதுபார்க்கும் பணிமனைகளையும் வளர்த்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியையும் அந்நிறுவனம் தயாரித்தது. அவ்வாயுவில் வரும் தாரும் புகைக்கரியும் வால்வுகளில் படியும் தன்மையுடையவை என்பதால், எஞ்சினை அடிக்கடி திறந்து துப்புரவு செய்யும் பழக்கம் அக்கால மெக்கானிக்குகளுக்குத் தவிர்க்க முடியாததாயிற்று.

போருக்குப் பின், 1940-களின் இறுதியில், மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பாகங்களிலிருந்து இணைத்து விற்கத் தொடங்கியது. உயரமான பானெட்டால் அடையாளம் காணத்தக்க சிஜே-3பி வகை அமெரிக்காவில் 1968-இல் நின்ற பிறகும் இந்தியாவில் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் இவ்வண்டி மலைத்தோட்டங்களின் மண்பாதைகளுக்கு ஏற்றதாயிருந்தது. அதன் எஞ்சினை எளிய கருவிகளால் பிரித்துவிட முடிந்தது அதற்கு நிகரான சிறப்பு.

கேம்ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழலும் ஒரு நீண்ட தண்டு. அதன்மேல் முட்டை வடிவில் புடைத்திருக்கும் மேடுகள் டேப்பெட் எனப்படும் சிறு உருளைகளைத் தள்ளி, வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடச் செய்கின்றன. கிராங்க்ஷாஃப்ட் இருமுறை சுற்றும்போது இது ஒருமுறை சுற்றும். மேடு தேய்ந்தால் வால்வு முழுமையாகத் திறக்காது. சிலிண்டருக்குப் போதிய காற்று செல்லாது. டேப்பெட் தட்டும் ஒலி எழுவதோடு இழுவையும் குறையும்.

இத்தேய்மானத்துக்கு மலை தனியான காரணங்களைச் சேர்க்கிறது. தேய்வு வண்டி கடந்த தூரத்தைவிட எஞ்சின் சுற்றிய எண்ணிக்கையையே சார்ந்தது. தாழ்ந்த கியரில் ஏறியும், பிரேக்கைக் காக்க அதே கியரில் இறங்கியும் செல்லும் வண்டியின் எஞ்சின், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சமவெளி வண்டியினுடையதைவிடப் பலமடங்கு சுழல்கிறது. கொடைக்கானலின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கே என்பதால் எஞ்சினின் வலு குறைந்து, தாழ்ந்த கியரின் தேவை மேலும் கூடுகிறது. குளிர்ந்த விடியலில் கெட்டிப்பட்ட ஆயில் மேடுகளை அடையத் தாமதமாவதும் இவற்றோடு சேர்கிறது.

ஜீப்பின் பழைய எஞ்சின்களிலும், பின்னர் வந்த பெஜோ வடிவமைப்பு டீசல் எஞ்சின்களிலும், கேம்ஷாஃப்ட் சிலிண்டர் பிளாக்குக்குள்ளேயே இருந்தது. ஆகவே ரேடியேட்டரையும் முன்கிராதியையும் கழற்றி இடம் உண்டாக்கினால், முழு எஞ்சினையும் வண்டியிலிருந்து தூக்காமலே அதை முன்பக்கமாக உருவ முடியும். அதற்குமுன் வால்வுகளின் பிடியை விடுவித்து, அதே தண்டால் இயங்கும் எரிபொருள் பம்பு முதலிய துணைக்கருவிகளை நீக்கி, டேப்பெட்டுகள் தடையாக இறங்காதபடி உயர்த்திக் கட்டவேண்டும். புதிய தண்டைப் பொருத்தும்போது இரு பல்சக்கரங்களிலும் உள்ள டைமிங் குறிகள் நேருக்கு நேர் நிற்கவேண்டும்; ஒரு பல் தவறினாலும் வால்வுகளின் நேரம் முழுவதும் பிறழும். பழைய டேப்பெட்டின் அடி பழைய மேட்டுக்கு ஏற்பத் தேய்ந்திருப்பதால் டேப்பெட்டுகளையும் உடன் மாற்றவேண்டும். முதல் இருபது நிமிடம் எஞ்சினை ஐடிலில் விடாமல், மேடுகளுக்கு ஆயில் நன்கு தெறிக்கும் வேகத்தில் ஓட்டுவது புதிய பரப்புகள் ஒன்றுக்கொன்று இசைவதற்கு இன்றியமையாதது.

இவ்வளவுக்கும் ஸ்பேனர், ஜாக்கி, புல்லர், சமதளமான வாசல், பொறுமை ஆகியவை போதும். லேத் பட்டறைக்கு உரிய வேலை மட்டுமே வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ செல்லவேண்டியிருக்கும். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் விளையும் ஊரில் அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் சரக்கின் விலையும் சரியும். ஆதலால் வீட்டில் பழுதுபார்த்தலை வறுமையின் அடையாளமாகக் கருதுவது பிழை. மலைவேளாண்மையின் கணக்கே அதைத் தேவையாக்கியது.

ஜீப்பின் இடத்தைப் பிக்-அப் வண்டிகள் பிடித்துவிட்ட இன்று, எரிபொருளின் அளவைக் கணினி தீர்மானிக்கிறது. பல எஞ்சின்களில் கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கு மேலே ஏறி, அதன் நிலையை அறிய ஒரு சென்சாரும் சேர்ந்துவிட்டது. புகை குறைந்ததும் எரிபொருள் மிச்சமாவதும் உண்மையான நன்மைகள். ஆயினும் பழுதை அறியவே தனிக்கருவி வேண்டியிருப்பதால், பழுதுபார்க்கும் அறிவு மலையிலிருந்து மீண்டும் சமவெளிக்கு இறங்குகிறது. பெரும்பாலும் மூத்த மெக்கானிக்கின் அருகில் நின்று கற்றதாலேயே கைமாறி வந்த இவ்வறிவைப் பழனி மலை வரலாற்றின் ஒரு பகுதியாக ஆவணப்படுத்துவதும், பழுதை அறியும் புதிய கருவிகளையும் அவற்றுக்கான பயிற்சியையும் கொடைக்கானலிலேயே கிடைக்கச் செய்வதும் ஒரே கடமையின் இரு கூறுகள். பழுதுபார்க்கும் திறனை இழந்த மலையூர், சாலை இருந்தும் சந்தைக்குத் தொலைவானதாகவே இருக்கும்.