விமான விபத்துப் புலனாய்வுப் பயிற்சி

விமான விபத்துப் புலனாய்வுப் பயிற்சி என்பது விமானிகள், விமானப் பொறியாளர்கள், பராமரிப்புப் பணியாளர்கள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் முதலிய விமானத் துறையினரை விபத்துப் புலனாய்வுகளில் பங்கேற்கத் தகுதியுடையவர்களாக ஆக்கும் பயிற்சி ஆகும். அரசுப் புலனாய்வாளர்கள் மட்டுமன்றி, விமான சேவை நிறுவனங்களிலும் விமானத் தயாரிப்பு நிறுவனங்களிலும் பணிபுரிவோரும் இதனைப் பெறுகின்றனர்.

பின்னணி

1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைக்கு 1951-இல் சேர்க்கப்பட்ட 13-ஆம் பின்னிணைப்பு, விபத்துப் புலனாய்வுக்கான பன்னாட்டு நெறிகளை வகுக்கின்றது. அதன்படி புலனாய்வின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதாகும். எவர் மீதும் குற்றம் சுமத்துவது அன்று. பொதுவாக, விபத்து நிகழ்ந்த நாடே புலனாய்வை நடத்தும். விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு, அதனை இயக்கிய நிறுவனத்தின் நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகியவை தத்தம் பிரதிநிதிகளை அனுப்பலாம். அப்பிரதிநிதிகள் தயாரிப்பு நிறுவனங்களின் வல்லுநர்களை ஆலோசகர்களாக உடன் அழைத்துச் செல்லலாம். எடுத்துக்காட்டாக, 2025 சூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் விபத்துக்குள்ளானபோது, இந்தியாவின் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் புலனாய்வைத் தொடங்கியது. தயாரிப்பு நாடான ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதில் பங்கேற்றது.

மையச் சிக்கல்

ஒரு விமானத்தைப் பற்றி நன்கு அறிந்தவர்கள் அதனைத் தயாரித்தவர்களும் இயக்கியவர்களுமே. புலனாய்வின் முடிவால் பாதிக்கப்படக் கூடியவர்களும் அவர்களே. எனவே அவர்களின் அறிவைப் பயன்படுத்திக்கொண்டு, சார்பைத் தவிர்க்க வேண்டியுள்ளது. அமெரிக்க நடைமுறையில் விமான நிறுவனம், தயாரிப்பாளர், தொழிற்சங்கம் ஆகியோரின் வல்லுநர்கள் தரவுகளைத் திரட்டும் பணியில் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். வழக்கறிஞர்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்தினருக்கும் இடமில்லை. பங்கேற்கும் தரப்பினர் தம் கருத்துகளை எழுத்தில் அளிக்கலாம். ஆனால் விபத்தின் காரணத்தை முடிவு செய்வது வாரியம் மட்டுமே. கண்டதைக் கண்டவாறு பதிவு செய்வதும், காரணத்தை முன்கூட்டியே ஊகிக்காதிருப்பதும் பயிற்சியில் வலியுறுத்தப்படுகின்றன.

பயிற்சியின் கட்டங்கள்

பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு 2003-இல் வெளியிட்ட 298-ஆம் சுற்றறிக்கை, புலனாய்வாளர் பயிற்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்தது:

1. தொடக்கப் பயிற்சி: சட்டங்கள், நடைமுறைகள்.
2. பணியிடப் பயிற்சி: அனுபவமிக்க புலனாய்வாளருடன் இணைந்து பணியாற்றுதல்.
3. அடிப்படைப் புலனாய்வுப் பாடநெறி.
4. உயர்நிலைப் பயிற்சியும் சிறப்புப் பாடங்களும்.

முதன்மைப் பாடங்கள்

களப் பாதுகாப்பு: விபத்துக் களத்தில் எரிந்த கரிம இழைகளின் தூசி, அழுத்தக் கலன்கள், குருதி வழிப் பரவும் நோய்க்கிருமிகள் ஆகிய இடர்கள் உள்ளன. பாதுகாப்பு உடையை அணிந்து பணியாற்றும் முறை கற்பிக்கப்படுகின்றது.

சிதைவுகளை ஆய்தல்: உலோகச் சோர்வினால் மெல்ல வளர்ந்த வெடிப்பில், கடற்கரை மணலில் அலைகள் விட்டுச் செல்லும் வரிகளைப் போன்ற கோடுகள் காணப்படும். மிகையான விசையால் ஒரே கணத்தில் முறிந்த பரப்பில் அவை இரா. முறிந்த இரு துண்டுகளைப் பொருத்திப் பார்த்தால் இத்தடயம் அழியக்கூடும் என்பதால் அவ்வாறு செய்யலாகாது.

பதிவுக் கருவிகள்: 'கருப்புப் பெட்டி' நீரிலிருந்து மீட்கப்பட்டால், அதனை உலர விடாமல் நன்னீரில் வைத்தே ஆய்வகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். உலர்ந்தால் அரிப்பு விரைவுபடும்.

நேர்காணல்: விடையை உணர்த்தும் கேள்விகள் சாட்சியின் நினைவையே மாற்றிவிடக்கூடும். ஆகவே இடைமறிக்காமல் முதலில் அவரைத் தாமாகப் பேச விடுதல் வேண்டும்.

மனிதக் காரணிகள்: 'விமானியின் தவறு' என்பதோடு நிறுத்தாமல், அத்தவறு அந்நேரத்தில் அவருக்கு ஏன் சரியெனத் தோன்றியது என ஆராய்தல்.

பயிற்சி நிலையங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1952 முதல் விமானப் பாதுகாப்புப் பாடங்களை நடத்தி வருகின்றது. ஐக்கிய இராச்சியத்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் விபத்துப் புலனாய்வுப் பாடநெறி 1977-இல் தொடங்கப்பட்டது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் பயிற்சி மையம் வர்ஜீனியா மாநிலத்தின் ஆஷ்பர்னில் 2003-இல் திறக்கப்பட்டது.

இம்மையத்தில் டி.டபிள்யூ.ஏ. 800 விமானத்தின் மீளமைக்கப்பட்ட உடற்பகுதி வைக்கப்பட்டிருந்தது. இந்த போயிங் 747 விமானம் 1996 சூலை 17 அன்று நியூயார்க்கிற்கு அருகே வெடித்துக் கடலில் விழுந்ததில் 230 பேரும் உயிரிழந்தனர். நடு எரிபொருள் தொட்டியில் எரிபொருள் ஆவி தீப்பற்றியதே காரணம் என வாரியம் முடிவு செய்தது. கடலடியிலிருந்து மீட்டு ஒன்றுசேர்க்கப்பட்ட துண்டுகளில், வெடிப்பு பரவிய வரிசையைப் பயிற்சியாளர்கள் நேரில் காண முடிந்தது. இறந்தோரின் குடும்பத்தினருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அது பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்தப்பட்டது. பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. முப்பரிமாண வருடல் நுட்பம் வளர்ந்த பின்னர், இதன் பயன்பாட்டை நிறுத்துவதாக வாரியம் 2021-இல் அறிவித்தது. முழுவதும் முப்பரிமாணத்தில் பதிவு செய்யப்பட்ட பின், சிதைவுகள் 2023-இல் அழிக்கப்பட்டன.