மலைத்தோட்டத்துப் பந்தும் மாதச் சம்பளமும்

கம்பம் பள்ளத்தாக்கின் விளையாட்டு எது என்று கேட்டால் பெரியகுளத்துக் கூடைப்பந்தைச் சொல்வார்கள், அல்லது பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டைச் சொல்வார்கள். கால்பந்தை யாரும் சொல்வதில்லை. பள்ளத்தாக்கின் கால்பந்து வரலாற்றைத் தேடுகிறவர் போடியிலிருந்து மேற்கே மலையேற வேண்டும்.

1897இல் கண்ணன் தேவன் மலைகளில் ஃபின்லே குழுமம் தேயிலை நிறுவனம் அமைத்தபோது, அங்கே உழைக்கப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் போடிக்கு அருகிலுள்ள கொட்டகுடிக்கு இறங்கியது. அரிசி மேலே போனது, தேயிலை கீழே வந்தது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்கென்று கொண்டுவந்த கால்பந்து மட்டும் மேலேயே தங்கிவிட்டது. 1940களில் தொடங்கிய ஃபின்லே கேடயப் போட்டி, எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதிக்கொள்ளும் திருவிழாவாயிற்று. கொழுந்து பறிக்கும் லயத்துக் குடும்பங்கள் பழைய மூணாறு மைதானத்தைச் சுற்றி நின்று, தங்கள் எஸ்டேட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தின. நிறுவனம் டாட்டாவின் கைக்குப் போன பிறகும், 2005இல் தொழிலாளர்களே பங்குதாரர்களான பிறகும் அந்தக் கேடயம் நீடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த ஆட்டக்காரர் எவருக்கும் கால்பந்து தொழில் அன்று. தொழில் தேயிலை, பந்து அதன் நிழல். வேலை கொடுப்பவரே பந்தையும் கொடுத்தார். இது மூணாற்றுக்கு மட்டும் உரிய விசித்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. தென்னிந்தியக் கால்பந்து முழுவதுமே நெடுங்காலம் இந்த ஏற்பாட்டில்தான் நடந்தது. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, இந்தியன் வங்கி. மலைக்கு அப்பால் டைட்டானியம், கேரளப் போலீஸ். நன்றாக ஆடினால் வேலை; கால் ஓய்ந்தால் மேசை. பெருமைப்பட ஒன்றுமில்லாத ஏற்பாடுதான், ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் இருந்த தமிழர் சைமன் சுந்தர்ராஜ், 1973இல் பயிற்சியாளராக இருந்து கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அந்தத் தலைமுறைக்கு ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்ற சொல்லே சற்று அந்நியமானது.

திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன், 1980களின் பிற்பகுதியில் கேரளப் போலீஸ் அணியில் சேர்ந்தது இந்த வழியில்தான். அவர் வேலையை உதறிவிட்டுக் கொல்கத்தா கழகத்துக்குப் போனார். அன்று அது துணிச்சல்.

பிறகு 1997. கம்பத்திலிருந்து குமுளி வழியாக இறங்கினால் ஒரு பகல் தொலைவில் உள்ள கொச்சியில், நாட்டின் முதல் முழுத் தொழில்முறைக் கழகம் என்ற அறிவிப்போடு எஃப்.சி. கொச்சின் பிறந்தது. அவ்வாண்டே டூரண்ட் கோப்பையை வென்றது. 1997-98 தேசிய லீக்கில் பத்து கோல்களுடன் முதலிடம் பெற்றவர் அக்கழகத்துக்கு ஆடிய தமிழர், ராமன் விஜயன். ஒரு தமிழ் இளைஞன் பந்தை மட்டுமே நம்பி வாழலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அன்று வேறில்லை. ஆனால் கழகம் ஐந்தாண்டுகளே உயிரோடிருந்தது. 2002இல் கடன் அதை விழுங்கியது. ஐ.எம். விஜயனும் பிற்காலத்தில் காவல் துறைக்கே திரும்பினார்.

பின்னால் வந்த கதைகளும் இதே சாயல் கொண்டவை. கோவையைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி, 2019 மார்ச்சில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தி ஐ-லீக் பட்டம் வென்றது; இரண்டே ஆண்டுகளில் களத்திலிருந்து மறைந்தது. இரு முறை இந்தியன் சூப்பர் லீக்கை வென்ற சென்னையின் எஃப்.சி.யும், 2025 ஜூலையில் அந்த லீகின் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டபோது, தன் நடவடிக்கைகளை நிறுத்தியது. மஞ்சள் சட்டையும் மின்விளக்கும் கண்ட பிள்ளைகளுக்கு, தேயிலைக் கம்பெனியின் கருமித்தனமான உறுதி பழங்கதையாகத் தோன்றியிருக்கும்.

பள்ளத்தாக்குக்கு இன்று மிக அருகில் இருக்கும் பெரிய கழகம் எது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அது பெண்களுடையது. மதுரைக்குத் தெற்கே காரியாபட்டிப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆதரவில் வளர்ந்த சேது எஃப்.சி., 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை வீழ்த்தி இந்திய மகளிர் லீக்கை வென்றது. தேனியிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய ஊர். தன் மகளைப் பந்தாட அனுப்புவதா என்று யோசிக்கும் சின்னமனூர்த் தகப்பனார் எவருக்கும் கொச்சியைவிட இது பக்கம்.

அந்தக் கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன், இந்தியாவுக்காகவும் ஆடியவர். 2018இல் தமிழக மகளிர் அணி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றபோதும் அணியில் இருந்தார். அவருடைய உத்தியோகம் தமிழகக் காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் பந்தாட்டம் எல்லாம் நின்றுபோயிருந்தபோது, சென்னைத் தெருக்களில் முகக்கவசத்தோடு காவல் பணியில் இருந்தார்.