தெரியாமையைத் தாங்குவதும் சோதிப்பதும்

எதிரே அமர்ந்திருப்பவரைப் பற்றி உளச்சிகிச்சையாளருக்கு உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. இன்று அவர் ஏன் பேசாமல் இருக்கிறார், சென்ற வாரம் சொன்ன ஒரு சொல் ஆறுதலாக இருந்ததா புண்படுத்தியதா, அடுத்த வாரம் வருவாரா என்பதற்கெல்லாம் ஊகம்தான் விடை. உளப்பகுப்பாய்வு மரபு இந்த நிலையை ஒரு பண்பாகவே வளர்த்தெடுத்தது. விடைக்காகத் தவிக்காமல் ஐயத்தில் தரித்திருக்கும் ஆற்றலைக் கவிஞர் கீட்ஸ் 1817-இல் ஒரு கடிதத்தில் போற்றினார். மதுராவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் வில்ஃபிரட் பியான் அதைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுவந்தார். நினைவையும் விருப்பத்தையும் ஒதுக்கிவிட்டே சிகிச்சையாளர் ஒவ்வோர் அமர்வையும் தொடங்க வேண்டும் என்று 1967-இல் எழுதினார். அவசர விளக்கம் வந்தவரின் வாயை அடைத்துவிடும் என்பதை உணர்த்தியது இம்மரபின் பெருங்கொடை. ஆயினும் தாங்குவது பாதி வேலைதான்; தன் ஊகத்தை வந்தவரிடமே கேட்டுச் சோதிப்பது மறுபாதி என்பதே என் வாதம்.

ஹன்னன், லாம்பர்ட் முதலியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. சிகிச்சைக்கு வந்த 550 பேரில் யாருடைய நிலை மோசமாகும் என்று சிகிச்சையாளர்களைக் கேட்டபோது அவர்கள் சுட்டியது 3 பேரை. அவர்களுள் ஒருவர் விஷயத்தில் மட்டுமே கணிப்பு பலித்தது. உண்மையில் நிலை மோசமடைந்தவர்கள் 40 பேர். தவறவிடப்பட்ட 39 பேரும் கண்காணாத இடத்தில் இருந்தவர்கள் அல்லர்; எதிரே வந்து அமர்ந்து பேசியவர்கள். 'எனக்குத் தெரியாது' என்ற பணிவு மட்டும் அவர்களை அடையாளம் காட்டியிருக்காது. அவர்களையே கேட்டிருக்க வேண்டும். ஸ்காட் மில்லர் முதலியோர் உருவாக்கிய அளவுகோலில் பத்து சென்டிமீட்டர் நீளக் கோடுகள் நான்கு, அவ்வளவே. அமர்வு தொடங்குமுன் வந்தவர் தன் நிலையைக் காட்ட ஒவ்வொன்றிலும் ஒரு குறி இடுகிறார். சென்ற வாரத்தைவிட இன்றைய குறி இடப்பக்கம், அதாவது மோசமான பக்கம், சரிந்திருந்தால், 'நன்றாகத்தான் போகிறது' என்ற சிகிச்சையாளரின் நினைப்பு அங்கேயே ஆட்டம் காண்கிறது. இத்தகைய பின்னூட்டத்தின் பயன் எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவில் தென்படவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்காமலே விடுவதற்கு அது நியாயமாகாது.

சிகிச்சையாளர் தடுமாறினால் வந்தவரின் நம்பிக்கை குலையாதா என்று கேட்கலாம். குணமாவதில் நம்பிக்கைக்குப் பெரும் பங்குண்டு என்று உளமருத்துவர் ஜெரோம் ஃபிராங்க் 1961-லேயே காட்டியிருக்கிறார். ஆனால் அந்த நம்பிக்கை சேர்ந்து செய்யும் முயற்சியின்மேல் நிற்கலாம்; சிகிச்சையாளரின் ஊகத்தின்மேல் நிற்க வேண்டியதில்லை. தற்கொலை ஆபத்தில் ஐயத்துக்கு இடமேது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஐம்பது ஆண்டுகளின் 365 ஆய்வுகளைத் தொகுத்த ஃபிராங்க்ளின் குழுவினர், அங்கும் நம் முன்கணிப்பு தற்செயலைவிடச் சற்றே மேல் என்று 2017-இல் கண்டனர். தற்கொலையை முன்கணிக்க மதிப்பீட்டுக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2022-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதலும் சொல்லிவிட்டது. ஆகவே ஆபத்து மிகும் இடத்தில்தான் கணிப்பை விட்டு, வந்தவருடைய தேவை என்ன, இன்றிரவு அவர் யாரை அழைப்பார், வீட்டிலுள்ள மாத்திரைகளை யார் வாங்கி வைப்பார் என்று அவரோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டியிருக்கிறது.

பயிற்சி தரும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேற்பார்வைக் கூட்டத்தில் சிகிச்சையாளரின் குறிப்பேட்டோடு, சிகிச்சை பெறுபவர் குறியிட்ட தாளும் மேசைமேல் இருக்கட்டும்.