304.663

பல்கலைக்கழக நூலகத்தில் இனப்படுகொலைக்கு ஒரு எண் உண்டு: 304.663. டூயி தசம வகைப்பாட்டில் மக்கள்தொகை என்ற தலைப்பின் கீழ் வருகிறது. கொஞ்சம் தள்ளி அதே வரிசையில் 304.666, குடும்பக் கட்டுப்பாடு. முதல் நாள் அந்த அலமாரி முன்னால் நின்றபோது சிரிப்பதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை.

நான் போனது வாச்சாத்திக்காக. எங்கள் ஊர் அரூர் பக்கம். எம்.ஏ. வரலாறு கடைசி வருஷம், ஆய்வேட்டுக்கு ‘வாச்சாத்தி இனப்படுகொலை’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆசிரியர் இரண்டாவது சொல்லை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். “நிரூபிச்சுட்டு வாப்பா. முடியலன்னா எடுத்துடு.” எனக்குச் சுள்ளென்று வந்தது. 2009-இல், மூன்றாம் வகுப்பில், சுவரொட்டியில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். பெரிய கொடுமை என்றால் அதுதான் பெயர் என்று மனதில் பதிந்துவிட்டது.

நடந்தது தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள் (பேர்தான் அப்படி, கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை). 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஆலமரத்தடியில் ஜனங்களைக் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணறுகளைக் கெடுத்தார்கள். கடைசியில் அடிபட்ட ஊர்க்காரர்கள் மேலேயே வழக்கு. பெண்களும் குழந்தைகளுமாகச் சேலம் சிறைக்குப் போனார்கள்.

இதற்கு அந்தப் பெயர் பொருந்தாதா என்ற கேள்வியோடுதான் ரஃபேல் லெம்கினைப் படித்தேன். ‘ஜெனோசைட்’ என்ற சொல்லையே உண்டாக்கியவர். போலந்து யூதர். 1921-இல் பெர்லினில், ஆர்மேனியர்களைக் கொன்று குவித்ததில் முக்கியப் பங்கிருந்த துருக்கி முன்னாள் அமைச்சர் தலாத் பாஷாவை ஓர் ஆர்மேனிய இளைஞன் சுட்டுக் கொன்றான். அப்போது மாணவராக இருந்த லெம்கின், ஒருத்தனைக் கொன்றால் குற்றம், பத்து லட்சம் பேரைக் கொன்றால் குற்றமில்லையா என்று தன் பேராசிரியரிடம் கேட்டாராம். தன் கோழியை அறுக்கிறவனை யார் கேட்க முடியும் என்கிற மாதிரி பதில் வந்ததாம். அரசுக்கு அதன் மக்கள் கோழி மாதிரி!

பின்னால் நாஜிகளிடமிருந்து தப்பி சுவீடனில் இருந்தபோது அவர் செய்த வேலைதான் என்னை அசத்தியது. ஜெர்மானியர் பிடித்த நாடுகளில் வெளியான அரசிதழ்களையும் ஆணைகளையும் சேகரித்தார். யாருக்கு எவ்வளவு ரேஷன், யார் கல்யாணம் செய்துகொள்ள யாரிடம் அனுமதி வாங்கணும், எல்லாம் அதில் அச்சாகியிருந்தது. செய்தவனின் காகிதத்தை வைத்தே அவன் திட்டத்தைக் காட்டினார். 1944-இல் புத்தகம் வந்தது. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையை ஏற்றது. லெம்கின் குடும்பத்தில் 49 பேர் அதற்குள் செத்திருந்தார்கள்.

அந்த உடன்படிக்கையில் எண்ணிக்கை முக்கியமில்லை. ஓர் இனத்தையோ மதக் குழுவையோ, அந்தக் குழு என்பதற்காகவே, முழுசாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதுதான் கேள்வி. வாச்சாத்தியில் கிணற்றைக் கெடுத்தது, தானியத்தை அழித்தது எல்லாம் ஒரு ஊரை வாழவிடாமல் செய்வதுதான். ஆனால் மலையாளிகள் என்ற இனமே இருக்கக்கூடாது என்ற திட்டத்தை நான் எந்தக் காகிதத்திலும் பார்க்கவில்லை. கேட்பாரில்லை என்ற திமிரைத்தான் பார்த்தேன். போதாக்குறைக்கு, உடன்படிக்கையை 1959-லேயே ஏற்ற இந்தியாவில் இனப்படுகொலைக்கென்று இன்றுவரை தனிச் சட்டம் கிடையாது.

அப்புறம் தீர்ப்புகளுக்குத் திரும்பினேன். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீதிமன்றத்துக்குப் போய், 1995-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு இழுத்த இழுப்பில் 54 பேர் செத்தே போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் சொன்னது. அதில் 17 பேர் வன்புணர்வுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. அப்போதைய மாவட்ட அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

லெம்கினுக்கு அரசிதழ் இருந்தது. இங்கே அரசின் காகிதம் சந்தனக்கட்டை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே இருந்தது அந்தப் பெண்களின் வாய்மொழி. கோர்ட்டில் நின்று, ஆளைக் காட்டி, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் ‘வன்கொடுமை’ என்ற சொல்லை அவர்கள் சாட்சியம்தான் அந்த 215 பேர் மேல் ஒட்டியது. அதை ஓரமாக வைத்துவிட்டு இன்னும் பெரிசாக ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நான் அலமாரி அலமாரியாகத் திரிந்திருக்கிறேன்.

தலைப்பை மாற்றினேன்: ‘வாச்சாத்தி வன்கொடுமை, 1992–2023’. விட்டுக்கொடுத்த மாதிரி ஓர் உறுத்தல் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

பைண்டு போட்ட பிரதியை ஊருக்கு எடுத்துப் போனேன். பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மடியில் வைத்துப் பக்கங்களைப் புரட்டினார். தலைப்பு மாறிய கதையை விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

“தண்டன வாங்குனவனுங்க பேரெல்லாம் எழுதியிருக்கியா கண்ணு?”

எண்ணிக்கை மட்டும்தான் எழுதியிருந்தேன்.