சுருக்கெழுத்துக்காரர் செதுக்கிய வீடு



நீங்களோ உங்கள் பெற்றோரோ டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் 'பிட்மன்' சுருக்கெழுத்து படித்திருக்கலாம். அந்த முறையை 1837இல் வெளியிட்டவர் ஐசக் பிட்மன். அவருடைய தம்பி பென் பிட்மனை (1822–1910) நம் பக்கத்தில் அதிகம் பேர் அறிய மாட்டார்கள். தன் வீட்டைத் தானே செதுக்கி அலங்கரித்தவர் அவர்.

அண்ணனின் முறையைப் பரப்ப 1853இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற பென், ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டி நகரில் குடியேறினார். 1865இல் லிங்கன் கொலைச் சதி வழக்கு விசாரணையைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதைப் புத்தகமாகத் தொகுத்தவரும் அவரே. சோறு போட்டது சுருக்கெழுத்து. மனதைப் பிடித்துக்கொண்டது மரச்செதுக்கு.

ஐம்பது வயதைக் கடந்தபின், 1873இல், அந்நகரின் ஸ்கூல் ஆஃப் டிசைனில் மரச்செதுக்கு கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். மாணவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உளி பிடிப்பது ஆண்கள் வேலை என்றிருந்த காலம் அது. 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் சின்சினாட்டிப் பெண்களின் செதுக்கு வேலைகள் இடம்பெற்றன.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: ஐரோப்பியப் பழைய வடிவங்களைக் காப்பியடிக்க வேண்டாம், உங்கள் மண்ணில் வளர்வதைப் பாருங்கள். 1895இல் இதற்காகவே ஒரு நூலும் வெளியிட்டார்.

1880களில் கட்டிய தன் வீட்டில் அதைச் செய்தும் காட்டினார். உள்ளே மரம் தெரிந்த இடமெல்லாம் உள்ளூர்ப் பூக்கள், இலைகள், பறவைகள். இது அவர் ஒருவரின் கைவேலை அல்ல. அவருடைய மாணவியாக இருந்து, பிறகு மனைவியான அடிலெய்ட் நூர்ஸும் சேர்ந்து செதுக்கினார். அவர்கள் கட்டிலின் தலைமாட்டில் தகைவிலான் குருவிகள் பறக்கின்றன. அடிலெய்டின் இரட்டைச் சகோதரி, ஓவியர் எலிசபெத், அதில் படம் வரைந்தார். கட்டில் இன்று சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'பிட்மன் வீடு' என்று சொல்லும்போது அடிலெய்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் அடுக்குமாடியில் எல்லா வாசல் கதவுகளும் ஒரே மாதிரிதான். வெளிப்புறத்தை மாற்ற விதியும் இடம் தராது. ஆனால் உள்பக்கம் உங்களுடையது. பூஜை அறைக் கதவுக்கு ஆசாரியிடம் கேட்லாக் கேட்கும் முன், ஒருமுறை பால்கனியில் நின்று கீழே பாருங்கள். புங்கம்பூ, வேப்பிலை, மைனா, அணில் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. உங்கள் கதவுக்கு எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?