செங்கல்பட்டுக் கடற்கரையில் அலாய் சக்கரங்கள்

அலாய் சக்கரம் என்பது அலுமினியத்துடன் சிலிக்கன், மக்னீசியம் போன்றவற்றைக் கலந்து வார்த்தோ அடித்தோ செய்யப்படும் கார்ச் சக்கரமாகும். இது கலப்புலோகச் சக்கரம் எனவும் அழைக்கப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைத் தேர்ந்தெடுப்பதில் அங்கிருந்த கார்த் தொழிற்சாலையின் வரலாற்றுக்கும், பராமரிப்பதில் மாமல்லபுரக் கடற்கரையின் உப்புக்காற்றுக்கும் பங்குண்டு.

தோற்றம்

தொடக்கக் காலக் கார்கள் மரச் சக்கரங்களிலும் கம்பிச் சக்கரங்களிலும் ஓடின. பின்னர் எஃகுச் சக்கரங்கள் பரவின. 1924-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த பந்தயத்தில் புகாட்டியின் 'டைப் 35' கார் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களுடன் களமிறங்கியது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.7 கிராம். ஆனால் போதிய வலிமைக்காக அலுமினியத்தைத் தடிமனாக வார்க்க வேண்டியிருப்பதால், எடை அதே விகிதத்தில் குறைவதில்லை.

மறைமலை நகர்

தாராளமயமாக்கலுக்குப் பின் வெளிநாட்டுக் கார் நிறுவனங்கள் சென்னையைச் சுற்றித் தொழிற்சாலைகளை அமைத்தன. ஃபோர்டு நிறுவனம் 1999-இல் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஐகான் காரை வெளியிட்டது. ஃபிகோ, ஈகோஸ்போர்ட் கார்களும் அங்கு உருவாயின. 2022-இல் அங்குக் கார் உற்பத்தி நின்றது. கார்கள் சாலையில் தொடர்கின்றன.

இவற்றுக்குச் சக்கரம் மாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மூன்று கார்களிலும் நான்கு நட்டுத் துளைகளின் மையங்கள் 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்துள்ளன. மாருதி, ஹூண்டாய் நிறுவனங்களின் பல சிறிய கார்களில் அது 100 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் சரியாக அமராது. நட்டை வலிந்து முடுக்கினால் ஓட்டத்தில் கழன்றுவிடும் அபாயம் உண்டு. நடுத்துளையின் அளவு, ஆஃப்செட், தாங்கும் எடை ஆகியவையும் காருக்குப் பொருந்த வேண்டும்.

உப்புக்காற்றும் அரிப்பும்

காற்றுபட்ட அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் தானே உருவாகி உலோகத்தைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தைத் துளைத்துக் குழிகளை உண்டாக்கும். கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிறுத்தப்படும் கார்களின் மேல் உப்பு படிகிறது. சக்கரத்தின் மேற்பூச்சு சிறுகல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்து, பூச்சின் அடியில் நூல்போல் அரிப்பு படரும். டயர் அமரும் விளிம்பு அரித்தால் காற்று மெல்லக் கசியும். எஃகு ஹப்பைத் தொடும் இடம் அரித்தால் சக்கரம் அதனுடன் ஒட்டிக்கொள்ளும்.

பராமரிப்பு

கடற்கரைப் பயணத்துக்குப் பின் சக்கரம் ஆறியதும் நல்ல தண்ணீரால் உட்புறத்தையும் சேர்த்துக் கழுவ வேண்டும். மென்மையான சோப்பு போதும். அமிலக் கலவைகள் பூச்சைக் கெடுக்கும். பூச்சு பெயர்ந்த இடத்தைத் தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே முடுக்க வேண்டும். விரிசல் கண்ட சக்கரத்தைப் பற்றவைத்து ஓட்டுவது ஆபத்தானது. அதை மாற்றுவதே முறை.