இரும்பு கண்ட நாட்டிலே

பொருநை ஆற்றின் தென்கரையிலே, முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையின் பக்கத்து நிலத்திலே, ஒரு பரம்பு மேடு உண்டு. ஆதிச்சநல்லூர் மேடு! அதன் வயிற்றிலே நம் முன்னோர் தாழிகளில் துயில்கின்றனர். அவர்கள் அருகே இரும்பு வாள், இரும்பு வேல், வெண்கலக் கலம், பொன் நெற்றிப்பட்டம்! 1876-இல் செர்மானியர் யாகோர் வந்தார், தோண்டினார், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது 160-க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன.

அதே பொருநைக் கரைச் சிவகளையிலே கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, இத்தமிழ் மண்ணில் இரும்பின் பழமை 5,300 ஆண்டுகள் எனத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. இரும்பு கண்ட இனம் நாம் என்று மார்தட்டினோம். தட்டட்டும், தவறில்லை!

ஆனால், தோழர்களே, அந்தத் தாழிகளிலே பொருள்கள் மட்டுமா கிடைத்தன? மண்டையோடுகளும் கிடைத்தன. சாலி சுக்கர்மன் என்னும் அறிஞர் அவற்றை அளந்து ஆராய்ந்து எழுதியதைச் சென்னை அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. தலை நீண்டதா, அகன்றதா? மூக்கு எவ்வளவு? எந்த இனத்தின் சாயல்? இவை அன்றைய ஆராய்ச்சி கேட்ட கேள்விகள். தாழிக்குள் கிடந்தோரிலே தாய்மார் இருந்திருக்க மாட்டார்களா? அவள் எத்தனை பிள்ளை பெற்றாள்? எந்த வயதிலே மாண்டாள்? பேற்றுப் படுக்கையிலா, பசியிலா? எலும்பு ஓரளவு விடை சொல்லக்கூடிய கேள்விகள் இவை. அளவுகோல் ஏந்தியவர்களுக்கு அவை தோன்றவில்லை.

மாண்டவளைப் பற்றிக் கேட்காதது கிடக்கட்டும். மூச்சோடு நடமாடியவளையே இந்த உலகம் கேட்டதா?

பேறுகாலத்திலே பெண் துடித்தாள். தலைவிதி என்றனர். வெளுத்து, வீங்கி, மூச்சு வாங்கிச் சாய்ந்தாள். பேய் அறைந்தது என்றனர். மாதந்தோறும் குருதி இழந்தாள். தீட்டு என்று மூலையில் உட்கார வைத்தனர். மருத்துவன் வந்தால் காட்டலாமே என்றால், ஆடவன் கண்படுவதா என்று சீறினர். மானம் காத்தனர்; மனைவியைப் பறிகொடுத்தனர்!

இந்தக் கொடுமையைச் சென்னையிலே கண்டு கலங்கியவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞர் ஒருவரின் மனைவி, ஆங்கில மாது. பெண்ணுக்குப் பெண்ணே மருத்துவம் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் அவரும் ஒருவர். லண்டன் சென்று மேலும் கற்றுத் திரும்பினார். 1885-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். அதுவே திருவல்லிக்கேணியில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றழைக்கும் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அன்று அதற்கு இட்ட பெயரைக் கேளுங்கள்: 'சாதி, கோஷா மகளிர் மருத்துவமனை'! சாகக் கிடப்பவள் வாயிலிலும் சாதிப் பலகை! எனினும் கதவு திறந்தது. 1912-இலே நம் புதுக்கோட்டை முத்துலட்சுமி அதே மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார்.

கதவு திறந்தபின் கேள்வியும் பிறந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் மருத்துவ மாது பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைப் பெண்கள் கருவுற்ற காலத்திலே கொடிய சோகையால் மடிந்தனர். இரும்புக் குறைவால் வரும் சோகை அன்று அது. குருதியணுக்கள் பருத்து, எண்ணிக்கையில் குன்றும் வேறுவகை. கிருமியா என்று தேடினார், காணவில்லை. பிறகு அவள் தின்னும் சோற்றை நோக்கினார்! ஏழையின் தட்டிலே எது இல்லை? குன்னூர் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்தார். சென்னையில் மேலே சொன்ன கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான உணவுச் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை 1931-இல் உலகுக்கு எழுதினார். அதிலிருந்த பொருளைப் பத்தாண்டு கழித்து, 1941-இலே, அமெரிக்க அறிஞர் பசலைக் கீரையிலிருந்து பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இன்று கருவுற்ற பெண்ணின் கையிலே செவிலி வைக்கும் மாத்திரையில் இரும்போடு கலந்திருப்பது அதுதான். மந்திரம் தராததை ஒரு கேள்வி தந்தது!

மேல்நாடு மட்டும் குற்றமற்றதா? அமெரிக்க மருந்துத் துறை 1977-இல், கருவுறும் வயதுப் பெண்களைத் தொடக்க மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. கருவைக் காக்கும் எண்ணமே. ஆனால் விளைவு என்ன? ஆணுடலே அளவுகோல் ஆயிற்று! அரசு நிதி பெறும் ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று 1993-இலேதான் அங்கே சட்டம் வந்தது. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்ணுடலில் நெடுநேரம் தங்குகிறது என்று, அவளுக்குரிய அளவைப் பாதியாக்கியது 2013-இல்! அதுவரை விழுங்கிய பெண்கள் எத்தனை பேர்!

உடல் யாருக்கு உரியது என்ற கேள்வியை இந்நாட்டிலே இடியென முழக்கியவர் தந்தை பெரியார். கருத்தடையை மற்றவர் குடும்ப வறுமைக்காகவும் உடல் நலிவுக்காகவும் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று 'குடிஅரசு' நாளிலேயே எழுதினார். வசைமாரி பொழிந்தனர் வைதீகர். அவர் அசையவில்லை.

கேட்கத் துணிந்த நாட்டிலே பலன் விளைந்தது. மகப்பேற்றில் ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தாள் என்று ஒவ்வொரு சாவையும் விசாரிக்கும் முறையைத் தமிழ்நாடு 1990-களில் தொடங்கிற்று. 2018-20 கணக்கிலே, இலட்சம் பேற்றுக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54.

மகிழ்ச்சிதான், மயக்கம் வேண்டா! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டுங்கள். 15 முதல் 49 வயதினரிலே சோகை கண்ட ஆண்கள் நூற்றுக்கு 25, பெண்கள் 57! தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். வேறுபாடு முழுவதும் இயற்கையின் வேலையா? மாதப் போக்கும் மகப்பேறும் குருதியைக் குறைக்கும், உண்மை. அப்படியானால் கூடுதலாக உண்ண வேண்டியவள் யார்? கடைசியில் உண்பவள் யார்? கணவனுக்கும் மகனுக்கும் பரிமாறி, அடிச்சட்டியை வழித்து உண்பதைக் கற்பின் இலக்கணமாக்கியது இயற்கையா, நாமா?

இரும்பை உருக்கி வாள் வடித்த இனத்திலே, பெண்ணின் குருதியில் இரும்பில்லை! பழம்பெருமை பேசும் வாயால் இதையும் பேசுக, இளைஞனே! உன் வீட்டு அடுக்களையில் முதல் கேள்வியைக் கேள்: அம்மா உண்டாளா? தங்கையின் தட்டில் கீரை விழுந்ததா, முட்டை விழுந்ததா? ஊர் மருத்துவ நிலையத்திலே கேள்: குருதி சோதித்தீரா, மாத்திரை கொடுத்தீரா? ஆய்வுக்கூடம் செல்லும் அறிவுடைத் தங்கையே, நீ கேள்: இந்த மருந்து என் உடலில் சோதிக்கப்பட்டதா?

தாழிக்குள் கிடப்பவளிடம் கேட்கத் தவறினோம். அவள் இனி வாய் திறவாள். அடுப்படியில் நிற்பவள் இன்னும் பேசுவாள். கேட்போம்!